நாலாயிரம் ரூபா: கடல் கடந்து போன சேமிப்பின் கதை

மலையக மக்களின் வரலாறு பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவர்கள் எவ்வாறு வந்தார்கள், எந்தப் பாதையால் நடந்தார்கள், எந்தச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள் என்பன பற்றி நூல்களும் ஆய்வுகளும் உள்ளன. ஆனால், அவர்களிற் பல இலட்சம் பேர் திரும்பிப் போனபோது, ஓர் ஆயுட்காலம் உழைத்துச் சேர்த்த பணம் அவர்களோடு எவ்வாறு போனது, எவ்வளவு போனது, எவ்வளவு போகாமல் நின்றது என்ற கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. கண்ணீரை எழுதிய அளவுக்குக் கணக்கை நாம் எழுதவில்லை எனலாம்.

ஹந்தானை மலைத்தொடரின் ஒரு பக்கம் கண்டி நகரத்தையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்துச் சரிவுகள் கலஹா, தெல்தோட்டை என்று தேயிலைக்குள் இறங்கிப் போகின்றன. இந்தச் சரிவுகளின் தோட்டங்களிலிருந்து 1960களின் பிற்பகுதி தொடக்கம் 1980களின் முற்பகுதி வரை குடும்பம் குடும்பமாக மக்கள் இந்தியாவுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சரக்கு விற்ற கடைகளில் கணிசமானவை முஸ்லிம்களுடையவை. அக்கடைக்காரர்களிலும் ஒரு பகுதியினர் கடல் கடந்து வந்து, கடல் கடந்து திரும்பியவர்களே. ஆகவே இது அயலவர் கதை மாத்திரமன்று. நமது கதையும் இதற்குள் இருக்கிறது.

இன்று வசதி படைத்த நாடுகளின் முதியவர்கள் பலர், ஓய்வுபெற்றதும் தாய்லாந்து போன்ற நாடுகளிற் சென்று குடியேறுகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அங்கே ஓய்வுகால விசா பெற வேண்டுமாயின், தாய்லாந்து வங்கியொன்றில் தமது பெயரில் 8 இலட்சம் பாத் வைப்பிலிருப்பதைக் காட்டுவது ஒரு வழி. அதாவது, வரும் மனிதரிடம் 'உமது பணத்தை முதலில் எமது வங்கிக்குக் கொண்டுவாரும்' என்று அந்நாடு கேட்கிறது. போவதும் போகாதிருப்பதும் அவர் விருப்பம். ஆனால் நம் மலைகளிலிருந்து போனவர்களுக்கு இந்த விருப்பம் இருக்கவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் வேறு. எவ்வளவு கொண்டுபோக விடலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவு செய்தன.

மடியிற் கட்டிய காசு

கோப்பிக் காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்த நாள் முதல், கண்டி மலைகளுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கினர். கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேதான் பெருந்தொகையான ஆட்கள் தேவை. ஆகவே வந்தவர்கள் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். பறிப்பு முடிந்ததும் அதே வழியாகத் திரும்பினார்கள். சம்பளத்தில் மிஞ்சியது மடியிலிருந்தது. வங்கியில்லை, அனுமதிப் பத்திரமில்லை, நாணய மாற்றுமில்லை. வழியில் காய்ச்சலும் வாந்திபேதியும் கொள்ளையும்தான் அந்தப் பணத்துக்கு எதிரிகள். எத்தனையோ பேர் பணத்தோடு சேர்ந்து வழியிலேயே மடிந்தார்கள்.

1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது ஹந்தானைக்கு மறுபக்கத்திலேயே. தேயிலைக் கொழுந்து வருடம் முழுவதும் வளரும். பறிக்கும் கைகளும் வருடம் முழுவதும் வேண்டும். எனவே போய்வரும் தொழிலாளி, தங்கிவிட்ட தொழிலாளியானான். லயம் அவனது வீடாயிற்று. மடியிற் காசோடு ஊர் திரும்பும் வழக்கம் அருகி, திரும்புவது என்பதே ஒரு கனவாக மாறியது.

துண்டும் உண்டியலும்

திரும்புவதற்குத் தடையாக நின்றது தூரம் மட்டுமன்று, கடனுந்தான். ஊரிலிருந்து அழைத்து வந்த செலவு, முற்பணம், அரிசி, கம்பளி என்று கங்காணியின் கணக்கில் தொழிலாளியின் பெயருக்கு எதிரே தொகை ஏறிக்கொண்டே போனது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இந்தத் தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. மனிதனின் விலை அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1921இல் சட்டம் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை நூறாண்டுக் காலமாக இந்த மலைகளில் ஒரு தொழிலாளியின் 'கணக்கு' என்பது பெரும்பாலும் சேமிப்புக் கணக்கன்று, கடன் கணக்கே.

இதே காலத்தில் வர்த்தகர்களின் பணம் வேறு வழியால் நடந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் உண்டியல் எழுதினர். கண்டியிலோ கொழும்பிலோ பணத்தைக் கொடுத்துச் சீட்டைப் பெற்றால், தமிழகத்தில் அச்சீட்டுக்குப் பணம் கிடைக்கும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களிடமும் இத்தகைய ஏற்பாடுகள் இருந்தன. நோட்டு கடலைக் கடக்கவில்லை, சொல் கடந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உறவும் ஊரும் மானமும் நின்றன.

இது நம்மவர்க்குப் புதிதன்று. 'ஹவாலா' என்ற சொல் இன்று பத்திரிகைகளில் குற்றச் செய்தியோடு வருகிறது. ஆனால் ஃபிக்ஹ் நூல்களில் அது ஒரு கண்ணியமான அத்தியாயத்தின் பெயர். ஒருவர் தாம் செலுத்த வேண்டிய கடனை இன்னொருவர் பொறுப்பில் மாற்றுவதும், அந்த மாற்றத்துக்குரிய நிபந்தனைகளும் அங்கே ஆராயப்படுகின்றன. வழிப்பறி அச்சத்தால் ஓர் ஊரிற் பணம் கொடுத்து மற்றோர் ஊரிற் பெற்றுக்கொள்ளும் 'ஸுஃப்தஜா' பற்றியும் இமாம்கள் விவாதித்துள்ளனர். மடியிற் கட்டிய காசோடு காட்டு வழியே நடந்த தொழிலாளிக்கு இந்த வசதி கிட்டவில்லை. உண்டியல் எழுதப் பெயர் வேண்டும். பெயருக்குப் பின்னால் முதல் வேண்டும். அவனிடம் இரண்டுமில்லை.

புதுடில்லியில் எழுதப்பட்ட ஒரு வாசகம்

1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கின. பதினைந்து வருட இழுபறிக்குப் பின் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் பிரிக்கப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மலையகத்தின் தொழிற்சங்கத் தலைவர்கள் அந்த மேசையில் அமர்த்தப்படவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமானும் இருக்கவில்லை. குஜராத்திய முஸ்லிம் குடும்பத்தவராய் வந்து இத்தோட்ட மக்களுக்காக ஆயுள் முழுதும் தொழிற்சங்கம் நடத்திய அப்துல் அஸீஸும் இருக்கவில்லை.

இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே ஒப்பந்தத்தில் பணம் பற்றிய ஒரு வாசகம் உண்டு. அதனை நமது மாணவர்கள் அறிவதில்லை. அதன் சாரம் இது: இந்தியா செல்வோர், இறுதியாகப் புறப்படும் வேளையில், சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தமது சொத்துகள் யாவற்றையும் கொண்டுசெல்ல இலங்கை அனுமதிக்கும். ஆனால் இது அவ்வப்போது நடைமுறையிலுள்ள செலாவணிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. அக்கட்டுப்பாடுகள் இவர்களுக்கு எதிராகப் பாரபட்சமாக இருக்கக்கூடாது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது.

தொழிலில் இருப்போர், தாயகம் அனுப்பப்படும் நாள்வரை, அல்லது 55 வயது வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வேலையில் நீடிக்கலாம் என்றும் ஒப்பந்தம் கூறியது. ஆகவே அது குடியுரிமை ஒப்பந்தம் மாத்திரமன்று. ஓய்வூதியமில்லாத ஒரு பெருங்கூட்டத்தின் ஓய்வுகால ஒப்பந்தமுமாகும்.

நாலாயிரம் ரூபா என்ற அந்த எண் பற்றி ஒரு தவறான எண்ணம் வாய்மொழியாகப் பரவியுள்ளது. போகின்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசாங்கம் நாலாயிரம் கொடுத்தது என்று சிலர் சொல்வர். அப்படியல்ல. எவரும் எவருக்கும் எதையும் கொடுக்கவில்லை. தமது சொந்தப் பணத்திலேயே எவ்வளவுக்கு மேல் கொண்டுபோகத் தடை விதிக்கலாம் என்பதற்கான எல்லை அது. தடை இருக்கும்; ஆனால் நாலாயிரத்துக்குக் கீழே இறங்காது என்பதே வாக்குறுதி.

இலங்கையில் 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நடைமுறையிலிருந்தது. அச்சட்டத்தின்கீழ், அனுமதியின்றி ஒரு ரூபாவும் வெளிநாட்டுக் கணக்கொன்றுக்குச் செல்ல முடியாது. 1960களில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி இருப்பு மெலிந்துகொண்டிருந்தது. ஐந்து இலட்சம் பேர் தமது பணத்தோடு போனால் என்னவாகும் என்ற அச்சம் கொழும்புக்கு இருந்திருக்கும். அந்தச் செலாவணியின் பெரும்பகுதியைத் தேயிலை மூலம் ஈட்டித் தந்தவர்களும் இவர்களே என்பதுதான் வரலாற்றின் வேடிக்கை.

ஒரு சிறு கணக்கு

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளி 4 வீதமும் தொழில்கொள்வோர் 6 வீதமும் செலுத்தினர். இன்று அது 8, 12 வீதமாகும். 1958க்கு முன்னர் முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு அந்த வருடங்களுக்கெனச் சட்டப்படியான சேமலாபம் எதுவுமில்லை.

ஒரு பேச்சுக்காக, தொழிலாளியொருவரின் மாத உழைப்பை 60 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமுஞ் சேர்த்துப் பத்து வீதம் 6 ரூபா. வருடத்துக்கு 72. பத்து வருடத்தில், வட்டியை விட்டுவிட்டால், 720 ரூபா. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை ஒன்று என மூவர் உழைத்தாலும் 2,160 ரூபாதான் வரும். நாலாயிரம் என்ற கூரையை ஒரு சாதாரணத் தொழிலாளர் குடும்பத்தின் தலை எட்டவே எட்டாது.

எனவே கூரையின் உயரம் தொழிலாளியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அது இடித்தது கங்காணியின் தலையையும் கடைக்காரரின் தலையையுந்தான். தொழிலாளிக்கு வேறு பிரச்சினைகள் இருந்தன. தோட்டம் ஒழுங்காகப் பணம் செலுத்தியிருக்கிறதா? பெயர் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா? செக்ரோலில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறொரு பெயர் என்றிருந்தால் பணம் யாருக்குரியது? 'முத்தம்மா' 'முத்தாயி' ஆனதால் வரும் வம்பு சாதாரண வம்பன்று. எழுத்தறிவில்லாத ஒரு சமூகத்தின் சேமிப்பு, பிறர் எழுதும் எழுத்திலே தங்கியிருந்தது. அந்தக் காகிதங்களை வாசித்துச் சொன்னவர்கள் பலவேளைகளில் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் பக்கத்துக் கடை முதலாளியுமே.

பணிக்கொடையின் நிலையும் இத்தகையதே. அதற்கான பொதுச் சட்டம் 1983இல்தான் வந்தது. அதாவது ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்தொன்பது வருடங்களின் பின். அதற்குள் போக வேண்டியவர்களிற் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

நாணயத்தின் விளையாட்டு

ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் சம மதிப்புடையன. இரண்டும் டொலருக்கு ஏறத்தாழ 4 ரூபா 76 சதம். நாலாயிரம் கொண்டுபோனால் அங்கே நாலாயிரம்.

1966 ஜூன் 6ஆந் திகதி இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்து டொலருக்கு 7 ரூபா 50 சதம் ஆக்கியது. ஒரே இரவில் இலங்கையின் நாலாயிரம் அங்கே 6,300 ஆயிற்று. ஆனால் அந்த நேரத்தில் போக எவராலும் முடியவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டம் 1967இல்தான் இலங்கைப் பாராளுமன்றத்தில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஸ்டேர்லிங் பவுணின் மதிப்பு இறங்கியதையொட்டி இலங்கையும் தன் ரூபாவை நூற்றுக்கு இருபது குறைத்தது. 6,300 இப்போது 5,040.

1970இல் இன்னோர் இடி. நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையென அறிவித்தார். சில நாட்களுக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். கறுப்புப் பணத்தை வெளிக்கொணர்வதே நோக்கம் என்றனர். வங்கியின் வாசலை மிதித்திராதவர்களுக்கு, தகரப் பெட்டியின் அடியிலிருந்த நூறு ரூபா நோட்டு வெள்ளைப் பணமா கறுப்புப் பணமா என்பது ஒரு விளங்காத கேள்வி.

1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த காலம் அது. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கண்டிப் பகுதியின் சில தோட்டங்களில் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1977 ஓகஸ்டில் வன்செயல் வெடித்தது. போவதா இருப்பதா என்று தயங்கி நின்ற பலர் போவதென்று முடிவெடுத்தது இந்த வருடங்களில்தான்.

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில், 1977 நவம்பரில், புதிய அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தை அறிவித்து ரூபாவை மிதக்கவிட்டது. டொலர் 16 ரூபாவிற் தொடங்கியது. இந்திய ரூபாவோ டொலருக்கு எட்டு, ஒன்பது ரூபா அளவில் நின்றது. 1966இல் 6,300ஆக இருந்திருக்கக்கூடிய அதே நாலாயிரம் இப்போது ஏறத்தாழ 2,000 இந்திய ரூபாவுக்குச் சற்று மேல். உழைப்புக் குறையவில்லை, வியர்வை குறையவில்லை, எவரும் திருடவுமில்லை. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோட்டத்தில் உழைத்த வருடங்களை ரூபாவிலே சேமித்து வைத்தவருக்கு, அந்த ரூபா எந்த நாளில் எந்த நாட்டில் எண்ணப்படும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. இதுவே இக்கதையின் மையம் என்று நான் கருதுகிறேன்.

கண்டியிலிருந்து மண்டபம் வரை

போகும் வழி கண்டியிலேயே தொடங்கியது. இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியிலிருந்தது. இந்தியக் குடியுரிமைக்கான விண்ணப்பங்களும் கடவுச்சீட்டுகளும் அங்கேயே கையாளப்பட்டன. பிறகு ரயிலில் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1914 முதல் கப்பல் போய்ச் சேர்ந்த தனுஷ்கோடி, ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவுப் புயலில் அழிந்துவிட்டது. முன்னோர்கள் ஏறிவந்த துறைமுகத்தைத் திரும்பிப் போனவர்கள் காணவில்லை.

கரையேறியவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்புமுன் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த அதே முகாம், இப்போது திரும்பி வந்தவர்களை ஏற்றது. அங்கிருந்து அவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சிலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 'டான்டீ' என்று பின்னர் பெயர்பெற்றவை இவையே. சிலர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இறப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். மிகப் பலருக்கு வியாபாரக் கடன் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்த கைகளில் கடைச் சாவியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பலரின் முதல் கரைந்தது. அவர்கள் மறுபடியும் மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலிகளாக ஏறினார்கள்.

இவர்களுக்கென்றே ஒரு வங்கியும் பிறந்தது என்பது பலர் அறியாதது. 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கி, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக அமைந்த கூட்டுறவு நிறுவனமாகும். அது இன்றும் இயங்குகிறது. இலங்கையில் வங்கிப் புத்தகத்தைக் கண்டிராத ஒருவர், தன் வாழ்வின் முதல் வங்கிக் கணக்கை அந்நிய மண்ணாகிவிட்ட தாய்மண்ணில் திறந்தார்!

பர்மாவிலிருந்து வந்தோரின் கதை இன்னுங் கொடிது. அங்கே 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாக் காசாயின. இரங்கூனின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் உட்படப் பல்லாயிரவர் ஏறத்தாழ வெறுங்கையோடு சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அந்த வெறுங்கைகளால் எழுந்தது. இது நடந்து ஐந்து மாதங்களின் பின்னரே புதுடில்லி ஒப்பந்தம் எழுதப்பட்டது. பர்மாவோடு ஒப்பிட்டால், நாலாயிரம் என்ற எழுத்திலான வாக்குறுதிக்கு ஓரளவு மதிப்பு உண்டு என்பதை நியாயமாக ஏற்கத்தான் வேண்டும்.

நமது கடைக்காரர்கள்

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பகுதிகளின் முஸ்லிம் சமூகத்தில் இந்தியத் தொடர்பு ஆழமானது. தெல்தோட்டைப் பக்கத்துப் போப்பிட்டியில் 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரும் அத்தகைய தென்னிந்தியக் குடும்பமொன்றின் மைந்தரே. 1915 மே மாதம் கண்டியில் கலவரம் மூண்டபோது முதலில் தாக்கப்பட்டது காசல் ஹில் வீதியில் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும் அவர்களது கடைகளுமாகும். சொத்தை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருப்பதன் ஆபத்தை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

1948க்குப் பின் இவர்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி வந்தது. 1953க்குப் பின் ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பவும் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேலே தேவைப்பட்டவர்கள் பழைய உண்டியலை நாடினர். நேற்றுவரை வணிக மரபாக இருந்தது அன்று முதல் சட்டவிரோதமாயிற்று. கடையை விற்றுவிட்டுப் போக நினைத்தவருக்கு, விற்ற பணம் ஒப்பந்தக் கூரைக்கு மேலே நின்றது. சிலர் கடையை மருமகனுக்கு எழுதினர். சிலர் கூட்டாளியிடம் ஒப்படைத்தனர். சிலர் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்தனர். வாங்கியவர்களிற் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களும் உண்டு. காப்பாற்றாதவர்களும் உண்டு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

பற்றுக் கொப்பியின் கதையும் இருக்கிறது. சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்த்த லயத்துக் குடும்பங்கள் கப்பல் நாள் வந்ததும் மொத்தமாகத் தீர்க்க வேண்டியிருந்தது. சட்டி பானை, ஆடு, மாடு, தையல் இயந்திரம் எல்லாம் அவசர விலைக்குப் போயின. அந்த விலையிலே ஆதாயம் தேடிய கடைக்காரரும் இருந்தார். 'போய்ச் சேருங்கள், பாக்கி இல்லை' என்று பக்கத்தைக் கிழித்த கடைக்காரரும் இருந்தார். இரண்டு வகையினரைப் பற்றியும் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் கற்பித்த முதற் பாடங்களில் ஒன்று. அதனை இத்தகைய நாட்களில்தான் அளந்து பார்க்க முடியும்.

முடியாத கணக்கு

ஒப்பந்தம் 1981இல் காலாவதியானது. 1984இல் யுத்த நிலைமையால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் போயிருந்தனர். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே நின்றுவிட்டனர். 1988இன் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்பவர் என்று ஒரு திகதியைக் குறிப்பிட்டது. பிரிப்பதற்குக் கையெழுத்திட்ட அதே நாள், சேர்ப்பதற்குரிய அளவுகோலாயிற்று.

ஆனால் பணக் கணக்கு தீரவில்லை. 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போயின. அரச நிறுவனங்களின் கீழ் எஞ்சிய தோட்டங்கள் பல கண்டி, மாத்தளைப் பகுதிகளிலேயே உள்ளன. அவற்றில் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையாக நிற்பது பற்றிப் பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டுள்ளது. கடல் கடக்காமலே பணம் காணாமற் போகலாம் என்பதற்கு இது சான்று.

செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வந்துவிட்டது. எனினும் நிரந்தரமாக வெளிநாடு செல்பவர் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்கு எல்லை இன்றும் உண்டு. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு போய் வாழ எண்ணியிருந்த ஓய்வுபெற்றவர்கள், தமது சேமலாப நிதியின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவோர் மறுபடியும் உண்டியலை நாடினர். மத்திய வங்கி அவர்களை வங்கி வழிக்கு அழைத்தது. 1977இல் லயத்திலே நடந்தது 2022இல் எல்லா வீட்டிலும் நடந்தது. அப்போதாவது அந்த மக்களை நாம் நினைத்திருக்க வேண்டும்.

ஹந்தானையின் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அங்கே பழைய இயந்திரங்களைக் காணலாம்; ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருட்களைக் காணலாம். இவ்வியந்திரங்களின் முன் நின்றவர்களின் கணக்குகளுக்கும் ஓரிடம் வேண்டும். குடும்ப அட்டை, சேமலாப நிதிச் சீட்டு, கடைப் பற்றுக் கொப்பி, ஊரிலிருந்து 'பணம் வந்து சேர்ந்தது' என்றோ 'இன்னும் வரவில்லை' என்றோ எழுதிய கடிதம் ஆகியவையும் வரலாற்று ஆவணங்களே. இவற்றிற் சில கலஹாவிலும் கோத்தகிரியிலும் வயோதிபர்களின் பெட்டிகளில் இருக்கக்கூடும். சில நம் கடைகளின் பரண்களில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கலாம்.

நம் குடும்பங்களின் பழைய கணக்குப் புத்தகங்களை எரிக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே எழுதப்பட்டிருக்கும் பெயர்களிற் சிலவற்றுக்குரியவர்கள் கடலுக்கு அப்பால் போய்விட்டார்கள். அவர்கள் நமக்குத் தர வேண்டியதும் நாம் அவர்களுக்குத் தர வேண்டியதும் அந்தப் பக்கங்களில் இருக்கும். கணக்கு இருந்தாற்றான் கடன் தெரியும்.